சாட்சிக் கூண்டை விட்டு இறங்குவோம்

மீனா கந்தசாமி என்று பெயரைச் சொன்னதும் நம்ம தோழர்கள் சிலருக்கு முகம் சுருங்குகிறது. "இங்கிலீசுல எழுதுறாங்க, லண்டன்ல புக்கு போடுறாங்க. அதுக்கும் சேரிக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள். இது ஒரு கட்சி. இன்னொரு கட்சி இருக்கிறது. லண்டன்காரன் ஒரு பரிசுப் பட்டியலில் பேர் போட்டுவிட்டால் போதும், புத்தகத்தைத் தொடாமலே "ஆஹா, நம்ம தமிழ்ப் பொண்ணு" என்று தலையாட்டும் இலக்கியக் கனவான்களின் கட்சி. முதல் கட்சிக்குக் கோபம், இரண்டாம் கட்சிக்குப் பெருமிதம். புத்தகத்தைப் பிரித்துப் பார்க்காத விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

நாம் பிரித்துப் பார்ப்போம். ஒரு நாவலாசிரியரைத் தூக்கி வைத்து ஆடுவதற்காக இதை எழுதவில்லை. அவருடைய மூன்று நாவல்களுக்கும் நேர்ந்த கதி, நம்மில் பேனா எடுக்கிற ஒவ்வொருவருக்கும் நேர்ந்துகொண்டிருக்கிற கதி. அதனால் எழுதுகிறேன்.

முதலில் இந்த இங்கிலீசு விவகாரத்தைத் தீர்த்துவிடலாம். 'சாதி ஒழிப்பு' உரையை 1936ல் பாபாசாகேப் எந்த மொழியில் எழுதினார்? லாகூர்க்காரர்கள் அந்த உரையைப் பார்த்துப் பயந்துபோய்க் கூட்டத்தையே ரத்து செய்தபோது, சொந்தக் காசில் அச்சடித்து வெளியிட்டாரே, அது எந்த மொழி? 1930ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரோடு உட்கார்ந்திருந்தவர் யார்? 1893ல் இதே சென்னையில் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கிய ரெட்டமலை சீனிவாசன். வெள்ளைக்காரன் முகத்துக்கு நேராக அவன் பாஷையிலேயே நம் வழக்கை வைத்தவர்கள் இவர்கள். மயிலாப்பூர் இங்கிலீசு பேசினால் அது உலக ஞானம், நாம் பேசினால் துரோகமா? வடசென்னையில் பிறந்தவனுக்கு லண்டன் ஒன்றும் செவ்வாய்க் கிரகமில்லை. ராயபுரம் ரயில் நிலையம் 1856ல் திறந்ததிலிருந்து நம்ம பாட்டன் முப்பாட்டன் தூக்கிய மூட்டையெல்லாம் துறைமுகம் வழியாக அங்கேதான் போயிற்று. மூட்டை போகலாம், வார்த்தை போகக் கூடாதோ?

அதுவுமில்லாமல், இவர் லண்டனிலிருந்து சேரியை எட்டிப் பார்த்தவர் அல்ல. 1984ல் சென்னையில் பிறந்தவர். 2001, 2002ல், இருபது வயதுகூட நிறையாத பருவத்தில், 'தி தலித்' என்ற ஆங்கில இதழின் ஆசிரியர். திருமாவளவனின் கட்டுரைகளை 2003லும் பேச்சுகளை 2004லும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர். கவிதைத் தொகுப்பு 'டச்' 2006ல், 'மிஸ் மிலிடன்சி' 2010ல். நாவலுக்கு வந்தது அதற்கும் பிறகு. அதாவது இந்தக் கையிலிருக்கிற பத்திரிகை மாதிரி ஒன்றில், அச்சுக்கூடத்துக் கடனோடும் சந்தா பாக்கியோடும் மல்லுக்கட்டி வளர்ந்த ஆள். லண்டன் பதிப்பகம் அட்லாண்டிக் 2014ல் முதல் நாவலை வெளியிட்டபோது அவருக்குப் பின்னால் இருந்தது நம்முடைய இயக்கத்தின் பத்து வருடப் பேச்சும் எழுத்தும்தான்.

அந்த முதல் நாவல் வெண்மணியைப் பற்றியது. 'தி ஜிப்சி காடஸ்'. தமிழில் பிரேமா ரேவதி மொழிபெயர்ப்பில் 'குறத்தியம்மன்'.

வெண்மணி என்றதும் நமக்கு உடம்பில் ஒரு சூடு பரவும். 1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சை. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். அதற்காக ஒரே குடிசைக்குள் புகுந்து ஒளிந்தவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970ல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு முதலானவர்களுக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது. என்ன காரணம் சொன்னது என்பது ஊரறிந்த கதை. இவர்களெல்லாம் பெரிய நிலச்சுவான்தார்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்பேர்ப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லையாம்! பார்த்த சாட்சிகள் இருந்தார்கள். கூண்டில் ஏறிச் சொன்னார்கள். சேரிக்காரன் கண்ணால் பார்த்தது, கார் வைத்திருப்பவனின் அந்தஸ்துக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை.

இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

நீதிமன்றம் செய்ததைத் தமிழ் நாவல் எப்படிச் சரிசெய்தது? 1975ல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வந்தது. 1977ல் சாகித்திய அகாதெமி பரிசு. 1983ல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று சினிமாவும் ஆயிற்று. நாவலில் நடப்பது என்ன? டெல்லியிலிருந்து வரும் படித்த இளைஞர்களின் மனப் போராட்டம் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. பண்ணையார் கண்ணையா நாயுடு இவ்வளவு கொடூரனாக இருப்பதற்குக் காரணம் அவருடைய ஆண்மைக் குறைவு. முடிந்தது கதை. கூலி போயிற்று, நிலம் போயிற்று, சாதி போயிற்று. 44 பேரை எரித்தது ஒரு தனிமனிதனின் படுக்கையறைச் சிக்கல் என்றாகிவிட்டது. ஆசிரியரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவர் பண்ணையார் பக்கம் நிற்கவில்லை என்பதும் தெரியும். ஆனால் விளைவைப் பாருங்கள். உயர் நீதிமன்றம் 'இவர்கள் செய்திருக்க மாட்டார்கள்' என்றது. நாவல் 'செய்தார்கள், ஆனால் அது ஒரு மனநோய்' என்றது. இரண்டிலும் மிராசுதார் வர்க்கம் முழுசாகத் தப்பித்துக்கொண்டது. எரிந்தவர்கள் இரண்டிலும் பின்னணிக் கூட்டம்தான்.

மீனாவின் நாவல் இதற்கு எதிரான காரியத்தைச் செய்கிறது. எடுத்த எடுப்பில் பண்ணையார் பேசுகிறான். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவனாக, முதலமைச்சருக்குப் பணிவான மனு எழுதுகிறான். மனநோயாளி மனு எழுத மாட்டான். அவன் ஒரு வர்க்கத்தின் தலைவன், சங்கம் வைத்திருக்கிறான், அரசாங்கத்தின் கதவு எது என்று தெரிந்து தட்டுகிறான். ஒரே அடியில் 'படுக்கையறை விளக்கம்' பொலபொலவென்று உதிர்ந்துபோகிறது.

அடுத்து அவர் வாசகனோடு சண்டைக்கு நிற்கிறார். கதையை வரிசையாகச் சொல் என்று வாசகன் எதிர்பார்ப்பான் என்று தெரிந்தே கதையை நிறுத்துகிறார், கேலி செய்கிறார், தலைப்பைப் பற்றி வம்பு பேசுகிறார், 'உனக்கு என்ன கதை வேணும், கண்ணீர் விடுற மாதிரியா?' என்ற தோரணையில் இழுத்தடிக்கிறார். லண்டன் விமர்சகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய துயரத்தை வைத்துக்கொண்டு விளையாடுகிறாரே என்று சலித்துக்கொண்டார்கள். நம்ம ஊர்க்காரர்கள் 'பின்நவீனத்துவ ஜிகினா' என்று ஒதுக்கினார்கள். ஏனய்யா விளையாடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. பிணத்தைக் காட்டி இரக்கம் வாங்கிக்கொண்டு போகிற கதையை எழுத மறுக்கிறார் என்பதுதான் விஷயம். வாசகன் அழுதுவிட்டு லேசான மனசோடு தூங்கப் போகக் கூடாது. அந்த இரவுக்கு வரும்போது மட்டும் விளையாட்டு நிற்கிறது. முற்றுப்புள்ளியே இல்லாமல், மூச்சு விட இடமில்லாமல், ஒரே வாக்கியமாகத் தீ எரிகிறது. அதற்குப் பிறகு அரசாங்கப் பாணியில் பிணங்களின் பட்டியல். அழுகைக்கு ஒரு சொல் கிடையாது. அந்தக் குளிர்ந்த பட்டியல்தான் நம்மைக் கொல்கிறது.

இதைத் தமிழில் செய்ய நமக்கு யார் தடை போட்டது?

*

இரண்டாவது நாவல் நம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. 2017ல் வந்த 'வென் ஐ ஹிட் யூ'. 2018ல் பெண்களுக்கான நாவல் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. இதைப் படித்தால் தோழர்களில் பலபேர் நெளிவார்கள். நெளிய வேண்டும்.

மங்களூரில் ஒரு கல்லூரி ஆசிரியன். கம்யூனிஸ்ட். புரட்சி பேசுகிறவன். கல்யாணம் ஆன எழுத்தாளப் பெண்ணைப் பூட்டி வைக்கிறான். ஃபேஸ்புக்கை மூடச் சொல்கிறான். அவளுடைய மின்னஞ்சல்களையெல்லாம் மொத்தமாக அழிக்கிறான். அவள் எழுதுவது குட்டி முதலாளித்துவ நோய் என்கிறான். அடிக்கிறான், அதற்கும் தத்துவம் வைத்திருக்கிறான். அவளோ அவன் வெளியே போன நேரத்தில் இல்லாத காதலர்களுக்குக் கடிதம் எழுதி, அவன் வருவதற்குள் அழித்துவிடுகிறாள். போனில் அப்பா அம்மாவிடம் சொன்னால், 'கொஞ்சம் பொறுத்துப்போ' என்கிறார்கள்.

'அது கம்யூனிஸ்டு பண்ணது, நம்ம இயக்கத்துல அப்படியில்ல' என்று யாராவது சொல்ல வாயெடுத்தால், அந்த வாயை அப்படியே மூடிக்கொள்வது நல்லது. மேடையில் பெண்ணடிமைத்தனத்தைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு லேட்டானதற்குத் தட்டை எறிகிறவன் எந்தக் கொடியின் கீழும் இருக்கிறான். நீலத்தின் கீழும் இருக்கிறான். வெண்மணியில் பண்ணையார் வெளியே நின்று பூட்டினான். இங்கே பண்ணையார் உள்ளே உட்கார்ந்து 'மூலதனம்' படித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு நாவலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இது பளிச்சென்று தெரியும். விடுதலை இயக்கம் என்று பேர் வைத்துக்கொண்ட நாம் இரண்டையும் ஒன்றாகப் படிக்கக் கடமைப்பட்டவர்கள்.

அந்த நாவல் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? தப்பித்து வீட்டுக்கு வந்த மகளின் கதையை அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகளின் வெடித்த பாதம், தலையில் பேன், அதை எப்படி எடுத்தேன் என்று வருடக்கணக்காகச் சொல்கிறாள். சொல்லச் சொல்லக் கதை அம்மாவின் கதையாகிவிடுகிறது. இதற்கு மேல் விட்டால் என் கதை என் கையில் இருக்காது என்று தெரிந்துதான் மகள் எழுத உட்காருகிறாள். அம்மா கெட்டவளில்லை. பாசத்தால்தான் சொல்கிறாள். பாசத்தாலும் கதை பறிபோகும்.

நாவல் அவருடைய சொந்த மணவாழ்வில் வேர்கொண்டது. அந்த வன்முறையைப் பற்றி 2012லேயே அவர் தம் பெயரில் கட்டுரை எழுதியிருக்கிறார், ஒளிக்கவில்லை. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். விமர்சனத்துக்கு விமர்சனம் 'நினைவுக்குறிப்பு', 'துணிச்சலான வாக்குமூலம்' என்றார்கள். அது நாவல் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. ஒரு நாட்டம்மை செய்யும் வேலையை நாவலாசிரியை செய்திருக்கிறார், எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் சிரிப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்று வெட்டித் தைத்திருக்கிறார். அது யார் கண்ணிலும் படவில்லை.

இங்கேதான் வெண்மணித் தீர்ப்பு திரும்ப வருகிறது. நார்வேக்காரர் க்னவுஸ்கார்ட் தன் அப்பா செத்தது, தன் பிள்ளைக்குச் சோறூட்டியது என்று தன் வாழ்க்கையையே 'என் போராட்டம்' என்று ஆறு பாகம் எழுதினார். உலகம் அதை மகத்தான நாவல் என்றது, வடிவத்தில் புரட்சி என்றது. அதே காரியத்தைக் கறுத்த தோலுடைய ஒரு தமிழ்ப் பெண் செய்தால் அது வாக்குமூலம். வெள்ளைக்காரன் கலைஞன், நாம் சாட்சி.

லண்டனை மட்டும் ஏன் திட்ட வேண்டும்? 1992ல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இங்கே என்ன சொன்னார்கள்? 'இது நாவலா, தன்வரலாறா?', 'அனுபவம் இருக்கிறது, கலை எங்கே?', 'கொச்சை மொழி'. அந்த மொழியும், அந்த முன்னும் பின்னுமான கதைப்போக்கும் ஒரு பெண் யோசித்து எடுத்த முடிவு என்று ஒத்துக்கொள்ள எத்தனை வருஷம் ஆயிற்று? நாம் எழுதினால் 'பதிவு'. அவர்கள் எழுதினால் 'படைப்பு'. தலித் இலக்கியம் என்றாலே வலி, கண்ணீர், ரத்தம் என்று ஒரு அட்டையை ஒட்டி அலமாரியில் தனியாக வைத்துவிட்டார்கள். இலக்கியத்திலும் காலனி.

நான் வங்கியில் குமாஸ்தா. கவுண்டரில் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடுகிறவருக்குச் சாட்சி தேவையில்லை. அவர் பெயரே அவருக்கு ஆதாரம். கைநாட்டு வைக்கிறவருக்கு மட்டும் இன்னொருவர் வந்து 'இது இவருடைய ரேகைதான்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ரேகை, ஆனாலும் அடுத்தவன் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. இலக்கியத்தில் நம்மை வைத்திருப்பது இந்தக் கைநாட்டு வரிசையில். எவ்வளவு எழுதினாலும் நம் எழுத்து ரேகை. ஒரு விமர்சகரோ, ஒரு மொழிபெயர்ப்போ, ஒரு லண்டன் பட்டியலோ வந்து 'மெய்' என்று எழுத வேண்டும்.

மீனா இதற்குப் பதில் சொன்னது கட்டுரையில் இல்லை, அடுத்த நாவலில். 2019ல் வந்த 'எக்ஸ்குவிசிட் கடாவர்ஸ்' ரொம்பச் சின்னப் புத்தகம். பக்கத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார். நடுவில் ஒரு கதை. லண்டனில் வாழும் மாயா, கரீம் என்ற தம்பதியின் கதை. கரீம் துனீசியாவிலிருந்து வந்த சினிமாக்காரன். ஆசிரியரின் வாழ்க்கைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்லும்படி வேண்டுமென்றே தள்ளி வைத்த கதை. பக்கத்தின் ஓரத்தில், மார்ஜினில், சின்ன எழுத்தில் ஆசிரியர் பேசுகிறார். எந்த வரியை எங்கிருந்து எடுத்தேன், அந்த வாரம் இந்தியாவில் யாரைச் சுட்டார்கள், யாரைப் பிடித்து உள்ளே போட்டார்கள் என்று. 'என் வாழ்க்கைதானே உங்களுக்கு வேணும்? இந்தா ஓரத்துல கிடக்குது. நடுவுல நான் என்ன கட்டுறேன்னு பாரு' என்கிற மாதிரி.

'விளிம்புநிலை' 'விளிம்புநிலை' என்று எத்தனை கருத்தரங்கில் பேசியிருப்போம்! விளிம்பு என்றால் பக்கத்தின் ஓரம் என்று நமக்குத் தோன்றியதா? படிக்கிறவன் கண் நடுக்கதையில் நிற்க மாட்டேன் என்கிறது, ஓரத்துக்கு ஓடி ஓடிப் போகிறது. ஊருக்கு ஓரத்தில் இருக்கிற சேரிதான் ஊரின் கதையை இயக்குகிறது என்று ஆயிரம் கூட்டத்தில் பேசினாலும் விளங்காததை அச்சுக்கோப்பிலேயே விளங்க வைத்துவிட்டார்.

அவரிடம் குறை இல்லையா? இருக்கிறது. 'குறத்தியம்மன்' யாரோடு சண்டை போடுகிறது என்று பாருங்கள். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத வாசகனோடு. அவனைக் குத்துவதற்காகவே பாதிக் கிண்டல் செலவாகிறது. தஞ்சைக் களத்து மேட்டில் நிற்கும் கிழவிக்கு அந்தக் கிண்டலில் பங்கில்லை. அவள் கேட்டால் 'எதுக்குடி அவங்கிட்ட இவ்ளோ பேச்சு?' என்பாள். அந்தக் கிழவியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, அவளோடு மல்லுக்கு நின்று எழுதும் வெண்மணி நாவல் வேறு மாதிரி இருக்கும். சோலை சுந்தரபெருமாள் 1999ல் 'செந்நெல்' எழுதினார், அந்த மண்ணின் பேச்சு அதில் இருக்கிறது. ஆனால் வடிவத்தில் அது பழைய தடத்திலேயே நடக்கிறது. மண்ணின் பேச்சும் வடிவத்தின் கலகமும் ஒரே புத்தகத்தில் சேர வேண்டும். அது மீனா செய்ய முடியாத வேலை, ஏனென்றால் அவர் தேர்ந்த மொழி வேறு. அது நம் வேலை.

அதனால் மாணவத் தோழர்களுக்கு நேராகச் சொல்கிறேன், குறிப்பாக நம்ம பக்கம், ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை முகத்துவாரத்தில் படிந்தது. அந்த மாதமே 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். மறுநாள் மைக்கு நீட்டினார்கள். "எப்படிம்மா இருந்திச்சி? சொல்லுங்கம்மா." சொன்னார்கள். ஒளிபரப்பினார்கள். போனார்கள். ஜனங்கள் சாட்சி, நிபுணர் வந்து முடிவு சொல்வார். சினிமாக்காரனுக்கோ நாம் கத்தியும் கேரம் போர்டும். இந்த இரண்டு வேஷத்துக்கும் நடுவே கரன் கார்க்கி 'கறுப்பர் நகரம்' எழுதினார், தமிழ்ப்பிரபா 2018ல் சிந்தாதிரிப்பேட்டையை வைத்துப் 'பேட்டை' எழுதினார். இன்னும் எத்தனை பேர் வேண்டும்!

1921ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெண்மணிக்கு 47 வருஷம் முன்னால். பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தம். மில் வெள்ளைக்காரப் பின்னி கம்பெனியுடையது. நம்மவர்களில் பெரும்பகுதி வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்தன. தொழிற்சங்கத்தின் பக்கத்துக் கதையைத் திரு.வி.க. தம் 'வாழ்க்கைக் குறிப்புக'ளில் எழுதி வைத்துவிட்டார். குடிசைக்காரன் ஏன் வேலைக்குப் போனான், அவன் கணக்கு என்ன, சாதி பார்க்கும் சங்கத்தில் அவனுக்கு என்ன இடம் இருந்தது என்று அவன் வாயால் யார் எழுதுவது? அது இரக்கத்துக்குரிய கதையாக இருக்காது. நமக்கும் சங்கடம், தொழிற்சங்கத் தோழர்களுக்கும் சங்கடம், திராவிட இயக்கத்தாருக்கும் சங்கடம். எழுதத் தகுந்த கதை அப்படித்தான் இருக்கும்.

எழுதும்போது ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு 'நடந்தது இதுதாங்கய்யா' என்று கூண்டில் ஏறி நிற்காதீர்கள். நம் சாட்சியம் என்ன மதிப்பு பெறும் என்று உயர் நீதிமன்றம் நமக்குச் சொல்லிவிட்டது. நடந்ததைச் சொல்லுங்கள், ஆனால் எங்கே தொடங்குவது, யாரைப் பேச விடுவது, எவனை மனு எழுத வைப்பது, எங்கே சிரிப்பது என்பதெல்லாம் உங்கள் உத்தரவாக இருக்கட்டும். 'இன்னா' 'கீது' என்று எழுதினால் அதை வட்டாரச் சுவைக்காக எழுதாதீர்கள், தத்துவமும் அந்தப் பேச்சிலேயே வரட்டும். 'இது கதையா, பதிவா?' என்று எவனாவது கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த அத்தியாயத்தை எழுதுங்கள்.

லண்டன் பட்டியலில் நம் பேர் வரட்டும், வராமல் போகட்டும். புளியந்தோப்புக் கதையை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஓரத்தில் நிறைய இடம் விட்டு அச்சடிக்கச் சொல்லலாம்.